கண்மாய் முதலில், காடு அப்புறம்: செட்டிநாட்டுப் பிள்ளைகளை வனச் சுற்றுலாவுக்குத் தயார்செய்ய முழுமையான வழிகாட்டி

தேக்கடிப் படகில் ஏறிப் பத்து நிமிடத்தில் "புலி எப்ப வரும்?" என்று கேட்டு, இருபதாவது நிமிடத்தில் அம்மாவின் கைபேசியைப் பிடுங்கிக்கொள்ளும் பிள்ளைகளை எந்த விடுமுறையிலும் பார்க்கலாம். பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பார்த்துப் பழகாத கண்ணுக்குக் காடு என்பது மரமும் தண்ணீரும்தான்.

அந்தப் பழக்கத்தைக் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கமுள்ள ஊருணிகளிலும் கண்மாய்களிலும் காசில்லாமல் கொடுத்துவிடலாம். இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது: ஊருணி, வீட்டு வாசல், வேட்டங்குடி பறவைகள் சரணாலயம், கடைசியில் தேக்கடி. ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது. அதற்கும் சின்னதுகளைக் கூட்டிப் போகலாம், ஆனால் வேலை கொடுக்க முடியாது.

1. முதலில் நாள்காட்டியைப் பாருங்கள்

பெரும்பாலானோர் விடுதியைப் பதிவு செய்துவிட்டுத்தான் மற்றதை யோசிக்கிறார்கள். நம் பக்கத்தில் எல்லாமே வடகிழக்குப் பருவமழையைப் பொறுத்தது. ஐப்பசி, கார்த்திகையில் மழை விழுந்து கண்மாய் நிறைந்தால்தான் நீர்ப்பறவைகள் கூடு கட்டும். மழை ஏமாற்றிய வருடம் வேட்டங்குடிக்குப் போனால் காய்ந்த மண்ணைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

ஆகவே ஊருணிப் பயிற்சியை மார்கழியில் தொடங்குங்கள். வேட்டங்குடியைப் பொங்கல் விடுமுறையை ஒட்டி வையுங்கள். அப்போது பெரும்பாலும் கூடுகளில் குஞ்சு இருக்கும். தேக்கடிக்குப் பிப்ரவரி முதல் மே வரை நல்ல காலம். காட்டுக்குள் உள்ள சின்னக் குட்டைகள் வற்றிப்போவதால் யானையும் காட்டெருதும் கடமானும் ஏரிக்கரைக்கு இறங்கி வரும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் காட்டுக்குள்ளேயே தண்ணீர் கிடைக்கும், அவை கரைக்கு வரத் தேவையில்லை. அட்டைக் கடியும் சேர்ந்துகொள்ளும்.

கோடைக்கு ஒரு குறை உண்டு. காட்டுத்தீ அச்சம் இருக்கும்போது வனத்துறை நடைப்பயணங்களை நிறுத்திவிடும். நடந்துபோவதுதான் உங்கள் நோக்கம் என்றால் பதிவு செய்யும் முன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். மே மாதச் சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம். கூட்டத்தின் இரைச்சலில் ஒரு காக்கைகூடக் கரையில் நிற்காது.

2. முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டியவை

பிள்ளைக்கு ஒன்று என்ற கணக்கில் கோடு போடாத நோட்டு, பென்சில். மை பேனா வேண்டாம், பனியில் எழுத்து ஊறிவிடும்.

வீட்டுக்கு ஒரு பைனாகுலர் போதும். 8 × 30 அல்லது 8 × 42 என்று போட்டிருப்பதை வாங்குங்கள். முதல் எண், எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. கடைக்காரர் 10 மடங்கு, 20 மடங்கு என்று ஆசை காட்டுவார். மடங்கு கூடக் கூடக் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். பிள்ளையின் கையில் 10 என்பதே ஆடும். கண்ணுக்குக் கண் உள்ள இடைவெளி பிள்ளைகளுக்குக் குறைவு என்பதால், இரண்டு குழலும் நன்றாக மடங்குகிறதா என்று பிள்ளையை வைத்தே பார்த்து வாங்க வேண்டும்.

உடுப்பு பச்சை, காக்கி, பழுப்பு. வெள்ளையும் சிவப்பும் தூரத்திலேயே காட்டிக்கொடுக்கும். புதுச்சட்டைதான் போடுவேன் என்று அடம்பிடிப்பவர்களுக்குப் புதுச்சட்டையையே பழுப்பில் எடுத்துவிடுங்கள்.

3. ஊருணிக் கரையில் உட்காரப் பழக்குங்கள்

முதல் பாடம் உட்காருவது, அதுவும் பேசாமல் பதினைந்து நிமிடம். நாம் போய் நின்றதுமே அருகிலிருக்கும் பறவைகள் நகர்ந்துவிடும். அசையாமல் இருந்தால் சிறிது நேரத்தில் திரும்பி வரும். இதைப் பிள்ளை ஒரு தடவை தானே பார்த்துவிட்டால், அப்புறம் "சத்தம் போடாதே" என்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை.

காலையில் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி கிழக்குக் கரையில் உட்காருங்கள். எதிர்க்கரையில் உட்கார்ந்தால் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். பாதிப் பேர் நிழலைத் தேடிப்போய் இந்தத் தவறைச் செய்கிறார்கள்.

இனி நோட்டு. பறவையின் பெயரைச் சொல்லிக் கொடுக்காதீர்கள். நான்கு கேள்விக்குப் பதில் எழுதட்டும்:

- சிட்டுக்குருவி, மைனா, காகம் இவற்றில் எதன் அளவு?
- அலகு எப்படி: குட்டையா, ஈட்டி போலா, வளைந்ததா?
- கால் தண்ணீருக்குள் எதுவரை இருக்கிறது?
- இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது?

பெயரை முதலிலேயே கொடுத்துவிட்டால் பிள்ளை எழுதிவைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும், பார்க்காது. கடைசிக் கேள்விதான் முக்கியம். உதாரணத்துக்கு மடையான் என்ற சின்னக் கொக்கை எடுத்துக்கொள்ளுங்கள். படித்துறை ஓரத்தில் மண் நிறத்தில், கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, பக்கத்தில் நிற்பவருக்கே தெரியாமல் உட்கார்ந்திருக்கும். எழும்பினால் இரண்டு சிறகும் பளீரென்று வெள்ளை. முதன்முதலாகப் பார்க்கும் பிள்ளை அதை இரண்டு பறவை என்று எழுதும். திருத்தாதீர்கள். அது மறுபடி உட்கார்ந்து மறையும்வரை பின்தொடர்ந்து பார்க்கச் சொல்லுங்கள், அதுவே கண்டுபிடிக்கும்.

அடுத்து நீர்க்காகம். முங்கி எழுந்து கல்லிலோ கட்டையிலோ ஏறி, சிறகை இரண்டு பக்கமும் விரித்து நிற்கும். "ஏன் வாத்து இப்படி நிற்பதில்லை?" என்று மட்டும் கேட்டு விட்டுவிடுங்கள். விடை இதுதான்: வாத்தின் இறகில் தண்ணீர் ஒட்டாது. நீர்க்காகத்தின் இறகு நனைந்துவிடும். நனைந்தால் உடம்பு சுலபமாக முங்கும், மீனைத் துரத்தலாம். ஆனால் கரையேறிக் காயவைக்க வேண்டும். இந்தப் பறவையைப் பிள்ளை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளட்டும், தேக்கடியில் மறுபடி வரும்.

பைனாகுலரை இரண்டாவது வாரம் கொடுங்கள். வெறும் கண்ணால் பறவையைப் பிடித்து, பார்வையை எடுக்காமல் குழலைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். முதலில் குழலை வைத்துக்கொண்டு அப்புறம் தேடினால் வானம்தான் கிடைக்கும். சூரியன் பக்கம் திருப்பவே கூடாது.

ஊருணியில் இரண்டு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். குடிதண்ணீர் எடுக்கும் ஊருணி இன்னும் பல ஊரில் உண்டு. அங்கே கால் நனைப்பதை ஊரார் பொறுக்க மாட்டார்கள், பொறுக்கவும் வேண்டாம். செம்பராங்கல் படிகள் பாசி பிடித்தால் வழுக்கும், ஆகவே பிள்ளைகள் மேல்படியைத் தாண்டக் கூடாது.

4. வீட்டு வாசலில் தடம் படிக்கக் கற்றுக்கொடுங்கள்

காட்டில் விலங்கைவிட அதன் தடம்தான் அதிகம் கண்ணில் படும். தடத்தைப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு விலங்கு வராத நாளும் வீண் நாள் இல்லை.

வாசலில் செம்மண்ணை நனைத்துச் சமப்படுத்தி, மாலையில் விட்டுவிடுங்கள். விடிவதற்குள் நாயும் பூனையும் கோழியும் நடந்திருக்கும். நாய்த் தடத்தில் விரலுக்கு முன்னால் நகம் குத்திய புள்ளி இருக்கும். பூனை நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடப்பதால் அந்தப் புள்ளி பெரும்பாலும் இருக்காது, தடமும் உருண்டையாக இருக்கும். சிறுத்தையும் புலியும் பூனைக் கணக்கு. செந்நாய் நாய்க் கணக்கு. ஆட்டுக் குளம்பை ஒரு தடவை வரைந்து பார்த்தவருக்குப் புள்ளிமான் தடம் உடனே புரிந்துவிடும்.

அச்செடுக்க ஆசைப்பட்டால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வாங்குங்கள். ஒரு பங்கு தண்ணீரில் இரண்டு பங்கு மாவைத் தூவிக் கலக்கினால் தோசை மாவுப் பதம் வரும். தடத்தைச் சுற்றி அட்டையை வளையமாக நிறுத்தி, ஓரத்தில் இருந்து மெதுவாக ஊற்ற வேண்டும். நடுவில் கொட்டினால் தடமே கலைந்துவிடும். அரை மணி நேரம் தொடக் கூடாது. இறுகும்போது சூடாகும் என்பதால் பிள்ளைகள் கையை அதற்குள் விட்டு விளையாட விடாதீர்கள். மீந்ததை அங்கணத்தில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும், அப்புறம் அப்பத்தாவிடம் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் வீட்டோடு சரி. சரணாலயத்திலும் காட்டிலும் அச்செடுப்பது, இறகு பொறுக்குவது, கல் எடுப்பது எதுவும் கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அங்கே நடப்பில் இருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

5. வேட்டங்குடியில் ஒரு காலை

வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் திருப்பத்தூரில் இருந்து மதுரை போகும் வழியில் இருக்கிறது. 1977இல் அறிவிக்கப்பட்டது. வேட்டங்குடி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்கள் சேர்ந்து சுமார் 38 ஹெக்டேர். கைபேசி வரைபடத்தில் வெறும் "திருப்பத்தூர்" என்று போட்டால் வாணியம்பாடிக்குப் பக்கத்தில் உள்ள திருப்பத்தூரைக் காட்டிவிடும். வெளியூர் உறவினர்களை வரச்சொல்லும்போது "சிவகங்கை மாவட்டம்" என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

விடிந்ததும் அங்கே இருக்க வேண்டும். பத்து மணிக்கு மேல் வெயில் ஏறினால் பறவையும் ஒடுங்கும், பிள்ளையும் ஒடுங்கும். காரைத் தள்ளி நிறுத்தி நடந்து போங்கள். முதல் நாள் மாலையே அந்தப் பக்கத்து ஆட்களிடம் தண்ணீரும் பறவையும் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

இங்கே வருபவர்கள் பட்டியல் போடுவதில் இறங்கிவிடுகிறார்கள். மஞ்சள் மூக்கு நாரை, சாம்பல் நாரை, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள் மூக்கன், வக்கா என்று பெயர் ஏறிக்கொண்டே போகும், ஆனால் எதையும் பார்த்திருக்க மாட்டார்கள். அதற்குப் பதில் ஒரே ஒரு கூட்டைத் தேர்ந்தெடுத்து அரை மணி நேரம் பார்க்கச் சொல்லுங்கள். பெரிய பறவை எத்தனை தடவை வருகிறது, எந்தத் திசையில் இருந்து வருகிறது, குஞ்சு என்ன செய்கிறது என்று எழுதட்டும்.

நத்தை குத்தி நாரையின் கூடு கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அலகை மூடினாலும் நடுவில் ஒரு சந்து தெரியும். அதன் முக்கிய உணவு வயல்களிலும் கண்மாய்களிலும் கிடைக்கும் நத்தை. பிள்ளைகளிடம் குஞ்சின் அலகையும் பார்க்கச் சொல்லுங்கள். குஞ்சுக்கு அந்தச் சந்து இருக்காது, வளர வளரத்தான் வரும். இதைப் பாடப்புத்தகத்தில் வாசித்துத் தெரிந்துகொள்வதற்கும் பைனாகுலரில் தானே கண்டுபிடிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை, "அம்மா, குட்டிக்கு ஓட்டையே இல்லை!" என்ற கிசுகிசுப்பில் கேட்டுக்கொள்ளலாம். கரையோரத்தில் வெற்று நத்தை ஓடு கிடந்தால் குனிந்து பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடட்டும். பல ஓடு உடையாமலே இருக்கும். உடைக்காமல் எப்படி உள்ளே இருப்பதை எடுத்தது என்று வீடு போகும்வரை வாதம் செய்வார்கள்.

அடுத்து மனிதர்கள். கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பல பத்தாண்டுகளாக இதுதான் அங்கே வழக்கம். பிள்ளைகள் மூன்று கேள்வியை வீட்டிலேயே எழுதி எடுத்துக்கொண்டு, அங்குள்ள ஒரு பெரியவரிடம் அனுமதி கேட்டு உட்கார்ந்து பேசட்டும். "ஐயா, உங்கள் சின்ன வயதிலும் வெடி கிடையாதா?" என்று தொடங்கினால் போதும், மீதியை அவர் பார்த்துக்கொள்வார். பெற்றோர் இடையில் புகுந்து கேள்வியைப் பிடுங்கிக்கொள்ளாமல் இருப்பதுதான் கஷ்டம்.

ட்ரோன், பாட்டுப் பெட்டி, கைதட்டி எழுப்புவது மூன்றும் கூடாது. பறவை கூட்டை விட்டு எழும்பினால் குஞ்சு வெயிலில் வாடும், காக்கையும் பருந்தும் அதற்காகவே காத்திருக்கும்.

6. எந்தக் காடு என்று முடிவு செய்யுங்கள்

முதல் தடவைக்குத் தேக்கடி என்பது என் தேர்வு. காரைக்குடியில் இருந்து மதுரை, தேனி, கம்பம், குமுளி என்று ஒரே பகலில் போய்விடலாம். குமுளியில் தமிழ் தாராளமாக நடக்கும் என்பதால் பிள்ளைகள் வழிகாட்டியிடம் தாங்களே பேசலாம். படகில் போவதால் ஜீப் குலுக்கலும் இல்லை, புழுதியும் இல்லை.

முதுமலையைப் பத்து வயதுக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். தெப்பக்காடு யானைகள் முகாமில் யானைக்குக் கவளம் கொடுப்பதைப் பக்கத்தில் பார்க்கலாம் என்பது அங்கே பெரிய லாபம். ஆனால் தூரம் அதிகம். 2024 மே முதல் நீலகிரிக்கு இ-பாஸ் வேறு வேண்டும். டாப்சிலிப்பும் பரம்பிக்குளமும் அருமையான இடங்கள், நடக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு.

படகுச் சீட்டை இணையத்தில் முன்பதிவு செய்து, எல்லாருடைய அசல் அடையாள அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். காலையின் முதல் படகுதான் வேண்டும். தாமதமாகப் போகும் படகில் சத்தமும் வெயிலும்தான் மிச்சம். நடைப்பயணங்களுக்கு வயது வரம்பு இருக்கும், பதிவதற்கு முன் பார்த்துவிடுங்கள். சின்னவனை வாசலிலேயே நிறுத்திவிட்டால் அன்றைய பொழுது அழுகையிலேயே போகும்.

பிள்ளைகளிடம் புலி என்ற வார்த்தையை நீங்களாக எடுக்காதீர்கள். தேக்கடி இருக்கும் பெரியார் புலிகள் காப்பகம் 925 சதுர கிலோமீட்டர். படகு போவது ஏரியின் ஓரத்தில் மட்டும். "யானைக் கூட்டம் வந்தால் அதிர்ஷ்டம், கடமானும் நீர்நாயும் வந்தால் நல்ல நாள், நீர்க்காகம் நிச்சயம்" என்று சொல்லிக் கூட்டிப்போங்கள்.

7. போகும் வழியையும் பாடமாக்குங்கள்

கம்பம் தாண்டி லோயர் கேம்ப்பில் இருந்து மலை ஏறும். அங்கே மலைச்சரிவில் பெரிய பெரிய குழாய்கள் இறங்குவது தெரியும். வண்டியை மெதுவாக விட்டுக் காட்டுங்கள். 1895இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையால்தான் தேக்கடி ஏரி உண்டானது. மேற்கே ஓட வேண்டிய அந்தத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வந்து, இந்தக் குழாய்களில் இறங்கி, மின்சாரமும் கொடுத்துவிட்டு வைகையில் சேருகிறது. நம் சிவகங்கை மாவட்டத்தின் ஒரு பகுதி வயலும் பெரியாற்றுப் பாசனம்தான். நாளைக்குப் படகில் போகப்போகிற ஏரிக்கும் நம் மாவட்டத்து நெல்லுக்கும் உள்ள தொடர்பைப் பிள்ளைகள் நோட்டில் ஒரு படமாகப் போட்டு வைக்கட்டும்.

ஆனால் வண்டி ஓடும்போது போட வேண்டாம். மலைப்பாதையில் குனிந்து எழுதினால் வாந்தி உறுதி. ஏறும் முன் வயிறு நிறையச் சாப்பாடு, எண்ணெய்ப் பலகாரம் இரண்டையும் தவிருங்கள். சீடையும் மணகோலமும் விடுதிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு.

8. படகில்

படகுத்துறையில் குரங்குகள் காத்திருக்கும். தின்பண்டப் பையை வெளியே எடுத்தால் பிடுங்கிக்கொண்டு போய்விடும், ஆகவே உணவை வண்டியிலேயே வைத்துவிடுங்கள்.

உயிர்காப்பு உடுப்பைப் பிள்ளைக்கு நீங்களே மாட்டி, பட்டைகளை இழுத்துப் பாருங்கள். தொளதொளவென்று இருந்தால் சின்ன அளவு கேட்டு வாங்குங்கள். யானை தெரிந்தால் எல்லாரும் ஒரே பக்கம் எழுந்து ஓடுவார்கள். உங்கள் பிள்ளைகள் உட்கார்ந்தபடியே இருக்க வேண்டும். 2009 செப்டம்பரில் இந்த ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். இதைப் பெரிய பிள்ளைகளுக்குக் காரணமாகச் சொல்லலாம், பயமுறுத்தாமல்.

ஏறியதும் வேலையைப் பிரித்துக் கொடுங்கள். ஒருவருக்கு இடதுகரை, ஒருவருக்கு வலதுகரை, சின்னவளுக்குத் தண்ணீருக்குள் நிற்கும் பட்ட மரங்கள். அணை கட்டியபோது மூழ்கிய மரங்களின் கட்டைகள் அவை. அங்கேதான் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் சிறகு விரித்து நிற்கும். ஊருணியில் பார்த்ததை இங்கே சின்னவள் முதலில் கண்டுபிடித்துச் சொல்லும்போது, பக்கத்து இருக்கைக்காரர்கள் அவளிடமே விளக்கம் கேட்பார்கள்.

கரையைப் பார்க்கும்போது விலங்கைத் தேடாமல் அசைவைத் தேடச் சொல்லுங்கள். காது, வால், புல் ஆடுவது. புள்ளிமானோ கடமானோ எல்லாம் தலையைத் தூக்கி ஒரே பக்கம் பார்த்தால் அந்தப் பக்கம் பார்க்க வேண்டும். மந்தி எச்சரிக்கையாகக் குரைப்பது போல் சத்தம் கொடுத்தால் வழிகாட்டியின் முகத்தைப் பாருங்கள்.

கைபேசிப் படம் ஆளுக்கு ஐந்து என்று வரம்பு போடுங்கள். தூரத்து யானை கைபேசியில் எப்படியும் கறுப்புப் புள்ளிதான்.

9. நடைப்பயணம் கிடைத்தால்

வழிகாட்டிக்குப் பின்னால், வரிசையாக, அவர் நிற்கும் இடத்தில் நின்று. ஈரமான காலமென்றால் அட்டை ஏறாத துணிக் காலுறையை அங்கேயே தருவார்கள். அட்டை பிடித்தால் பிய்க்காமல் நகத்தால் பக்கவாட்டில் வழித்துத் தள்ளினால் போதும்.

யானைச் சாணம் கண்ணில் பட்டால் அங்கே நேரம் ஒதுக்குங்கள். தொடாமல், வழிகாட்டியைக் குச்சியால் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். நாரும் பட்டையும் விதையும் அப்படியே தெரியும். வீட்டு மாட்டுச் சாணம் ஏன் இப்படி இல்லை என்று கேட்டுப் பாருங்கள். மாடு தின்றதை அசைபோட்டு மறுபடி அரைக்கிறது. யானை அசைபோடாது, தின்றதில் பாதிக்கும் குறைவாகவே அதற்குச் செரிக்கும். அதனால்தான் அது நாளெல்லாம் தின்றுகொண்டே இருக்கிறது, போகிற இடமெல்லாம் விதையும் போட்டுப் போகிறது. வாசலில் சாணி தெளிக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடும்.

10. திரும்பி வந்த பிறகு

ஒரு வாரத்துக்குள் நோட்டை எடுத்து, ஊருணி, வேட்டங்குடி, தேக்கடி மூன்று இடத்திலும் பார்த்த உயிர்களைத் தனியாக எழுதச் சொல்லுங்கள். தள்ளிப்போட்டால் எது எங்கே பார்த்தது என்று குழம்பிவிடும். பெயர் தேடுவது இப்போதுதான். பறவைகளுக்கான கைபேசிச் செயலியைப் பெற்றோர் வைத்துக்கொண்டு, பிள்ளை எழுதிய அளவையும் அலகையும் சொல்லச் சொல்லித் தேடுங்கள். குறிப்பு போதாமல் பெயர் கிடைக்காவிட்டால் "தெரியவில்லை" என்றே இருக்கட்டும், அடுத்த தடவை பிள்ளை கூர்ந்து எழுதும்.

அடுத்த பொங்கலுக்கு வேலையும் தயாராக இருக்கிறது. ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறை நாட்களில் தமிழகப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். உங்கள் ஊர் ஊருணிக் கரையிலேயே குறைந்தது 15 நிமிடம் இருந்து, பார்த்த இனங்களையும் எண்ணிக்கையையும் பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்ட் இணையதளத்தில் பெற்றோர் கணக்கில் ஏற்ற வேண்டும். தெரியாத பறவையை ஊகித்து ஏற்றாதீர்கள். ஒரே கொக்கு மூன்று தடவை பறந்து போனால் அது ஒன்றுதான். பிள்ளைகள் மூன்று என்றுதான் சண்டை போடுவார்கள். கூட்டின் படத்தைத் தளத்தில் போட வேண்டாம், இடம் தெரிந்தால் கூட்டம் சேர்ந்துவிடும்.